ஏழாம் நம்பர் ரசீதுப் புத்தகம்

போன வாரம் சென்னையிலிருந்து சின்னவர் போன் செய்தார். சின்னவர் என்றால் என் பழைய முதலாளியின் பேரன். கோவில்பட்டியில் அவர்களுக்குள்ள கடைகள், வீடுகள், குடோன் எல்லாவற்றையும் மேனேஜராக இருந்து முப்பத்தோரு வருஷம் பார்த்துக்கொண்டவன் நான். வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"அங்கிள், தாத்தா உங்களுக்கு என்ன சம்பளம் கொடுத்தாரு? புதுசா ஒரு மேனேஜர் போடப்போறோம். அவன் இருபத்தஞ்சாயிரம் கேக்குறான். பழைய நோட்டைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே புரியல."

புரியாதுதான். முப்பத்தோரு வருஷம் வாங்கின எனக்கே புரியாதபோது அவருக்கு எங்கே புரியும்? "நாளைக்குச் சொல்லுதேன் தம்பி" என்றேன். வைக்கும் முன்னால் என் விஷயத்தையும் கேட்டேன். ரெண்டு மாசமாக என் வீட்டு வாடகை அவர்கள் கொடுத்த ஆப்பில் ஏறவில்லை, கதவு நம்பரைப் போட்டால் ஒன்றும் காட்ட மாட்டேன் என்கிறது. "அப்டேட் போயிட்டிருக்கு அங்கிள். அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுப்படியிலிருந்தே என் வீட்டுக்காரி செண்பகம் கேட்டுக்கொண்டிருந்தாள். "கடைசியா வாங்குனது பதினோராயிரம். அதைச் சொல்லிட்டுப் போவியளா, இதுக்குப் போய் ஒரு நாளு தவணை கேக்கியளே" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் பதினோராயிரம் என்பது என் சம்பளத்தில் ஒரு துண்டு மட்டும். மிச்சத்தை எழுதிப் பார்க்கலாம் என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தேன். எழுத எழுத எங்கெங்கோ போய்விட்டது.

நான் சேர்ந்தபோது அறுபத்திரண்டு கதவு. எங்கள் தொழிலில் சொத்தைக் கதவால்தான் எண்ணுவோம். பஜாரில் இருபத்தொன்பது கடை, குடோன் ஒன்று, நடுவில் ஒரு முற்றமும் குழாயும் வைத்துச் சுற்றிப் பதினாறு வீடு கட்டிய வளவு இரண்டு. எனக்கு முந்தி இருந்தவர் மூன்று மாசம் கூட வைத்துக்கொண்டு எல்லாம் காட்டிக்கொடுத்தார். எந்தக் கதவு மழைக்கு ஊறி இறுகும், யார் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் பல்லி முட்டையிடும், ரசீதில் கார்பன் எப்படி வைக்க வேண்டும். வாடகைக்காரர் வீட்டில் காப்பி குடிக்காதே, உட்காராதே என்றும் சொன்னார். அவ்வளவுதான் படிப்பு.

சம்பளம் இப்படி: மாசச் சம்பளம் ஆரம்பத்தில் நானூற்றைம்பது. வசூலாகிற வாடகையில் நூற்றுக்கு மூன்று. வளவில் கடைசி வீடு வாடகையில்லாமல் எனக்கு. தீபாவளிக்கு வேட்டியும் ஒரு மாச போனஸும். அப்புறம் சாவிப் பணம். புதிதாக ஒருவர் குடிவந்தால் சாவியைக் கையில் கொடுக்கும்போது அரை மாச வாடகையை மேனேஜருக்குக் கொடுப்பது வழக்கம். முதலாளிக்கும் அது தெரியும். தெரிந்துதான் மாசச் சம்பளத்தைக் குறைத்து வைத்திருந்தார்.

இதில் உள்ள கோளாறு பார்த்தீர்களா? ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டு முப்பது வருஷம் ஒரே இடத்தில் இருக்கிற மனிதரால் எனக்குச் சாவிப் பணம் ஒரு பைசா கிடையாது. காலி பண்ணிவிட்டுப் போகிறவரால்தான் எனக்கு வரும்படி. நல்ல குடித்தனக்காரர் நிலைக்க வேண்டும் என்று வாயால் சொல்லுவேன். சீட்டுப் பணம் கட்ட வேண்டிய மாசத்தில் எந்தக் கதவு காலியாகும் என்று மனசு கணக்குப் போடும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

இன்னொன்று மழை. எங்கள் முதலாளிக்குத் தீப்பெட்டி ஆபீஸும் உண்டு, தீப்பெட்டி செய்கிற பட்டறையைத்தான் இங்கே ஆபீஸ் என்போம். தீக்குச்சி காய வெயில் வேண்டும். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல மூடாக்குப் போட்டால் அவர் முகம் கறுத்துவிடும். கடைக்காரர்களுக்கோ மழை பெய்தால்தான் பிழைப்பு. சுற்றிலும் கரிசல்காடு. பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி உளுந்தும் மல்லியும் வத்தலும் கொண்டுவந்து போட்டால்தான் பஜாரில் காசு புரளும். அது புரளாத வருஷம் வாடகை நிற்கும், என் நூற்றுக்கு மூன்றும் நிற்கும். அவருக்கு வெயில், இவர்களுக்கு மழை, நான் எதைக் கேட்டுச் சாமி கும்பிட? சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளிக்கு ஒரே பதில்தான். "வீடு இருக்குல்லா?" அந்த வீடுதான் என்னைக் கட்டிப்போட்ட கயிறு. வேலை போனால் மறுநாள் பாத்திரம் பண்டம் முற்றத்தில் கிடக்கும்.

முதலாளி சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எப்போது போனாலும், காலை பதினோரு மணியானாலும், "சாப்பிட்டாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். உத்தரவு என்று எதையும் வாயால் சொல்லமாட்டார். ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக ஒரு சின்ன ரசீதுப் புத்தகம் உண்டு, அட்டையில் நம்பர் போட்டு. எல்லாம் அவர் பீரோவில்தான் இருக்கும். ஒன்றாம் தேதி காலையில் போனால் சணல் போட்டுக் கட்டி எல்லாவற்றையும் எடுத்துத் தருவார். பத்தாம் தேதி பணத்தோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ரசீது இல்லாமல் ஒத்தை ரூபாய் வாங்கக் கூடாது என்பது கட்டளை.

யாரையாவது காலி பண்ண வைக்க நினைத்தால் அந்த மாசக் கட்டுக்குள் அந்த நம்பர் புத்தகம் மட்டும் இருக்காது. அவ்வளவுதான். அவரும் சொல்லமாட்டார், நானும் கேட்கக் கூடாது. புத்தகம் இல்லை என்றால் வாடகை வாங்கக் கூடாது என்று அர்த்தம். வாடகைக்காரர் பணத்தோடு வருவார், நான் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். நாலு மாசம் இப்படிப் போனால், வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார் என்று வக்கீல் நோட்டீஸ் போகும். கோர்ட்டில் அது ஒன்று போதும். தப்பிக்க ஒரே வழி, வாங்கமாட்டேன் என்றவுடனே வாடகைக்காரர் மணியார்டர் அனுப்பிவிட வேண்டும். முதலாளி அதையும் வாங்காமல் திருப்பினால் அந்தச் சீட்டே வாடகைக்காரருக்குச் சாட்சி. இது தெரிந்தவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

ஒரு தடவை நான் சொல்லிக்கொடுத்தேன். வளவில் ஒரு வாத்தியார் குடியிருந்தார், கைப்பிள்ளைக்காரர். அவர் புத்தகம் ஒரு மாசம் கட்டோடு வரவில்லை. குழாயடியில் அவர் வீட்டம்மாவிடம், "எக்கா, சாரை மணியார்டர் அனுப்பச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதிய" என்று காதோடு சொன்னேன். அனுப்பிவிட்டார். அந்த வீட்டை ஒன்றும் பண்ண முடியவில்லை. அடுத்த ஒன்றாம் தேதி முதலாளி வழக்கம்போல "சாப்பிட்டாச்சா?" என்றார். அப்புறம் கட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "அந்த வாத்தியாருக்கு யாரோ போஸ்டாபீசுக்கு வழி சொல்லிருக்காவ போல" என்றார். கோபமே இல்லை. அந்தத் தீபாவளிக்கு எனக்கு வேட்டி இல்லை, போனஸ் இல்லை. நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு இரண்டாகிவிட்டது. மறுபடி மூன்றாக ரெண்டு வருஷம் பிடித்தது. செண்பகம் என்னிடம் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊருக்கு வழி சொல்லப் போய் வீட்டு உலையில் மண்ணைப் போட்டியளே என்று அழுதாள்.

நம்பர் ஏழு, சாகுல் பாய் கடை. சாக்குக் கடை. மளிகைக் கடைகளில் பழைய சாக்கை வாங்கி, கிழிசலைக் கோணி ஊசியால் தைத்து, தை மாசியில் சம்சாரிகளுக்கு விற்பார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கடையில் இருக்கிறார். சாக்குத் தூசி நெஞ்சில் இறங்கி எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். வாடகை வாங்கும் என் ரூம் அதே வரிசையில் மாடிப்படிக்குக் கீழே, அவர் கடையிலிருந்து நாலு கதவு தள்ளி. ஐந்தாம் தேதி காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக வருவார். "இந்தாங்க மேனேஜர், ஏழாம் நம்பர்" என்று ஆயிரத்து எண்ணூறை மேசையில் வைப்பார். மழையில்லாத வருஷத்திலும் வைப்பார், எப்படி வைத்தாரோ அல்லாவுக்குத்தான் தெரியும். ரசீதைக் கொடுத்தால் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்.

ஒரு ஒன்றாம் தேதி கட்டைப் பிரித்தேன். ஆறுக்கு அப்புறம் எட்டு இருந்தது.

விஷயம் ஏற்கெனவே பஜாரில் கசிந்திருந்தது. ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் உடைத்து ஒன்றாக்கி ஒரு பெரிய ஜவுளி ஷோரூமுக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஆறும் எட்டும் பணம் வாங்கிக்கொண்டு போகச் சம்மதித்துவிட்டார்கள். சாகுல் பாய் மட்டும், "இந்த வயசுல நான் எங்க போவேன் முதலாளி, சம்சாரிகளுக்கு இந்த இடந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டாராம்.

ஐந்தாம் தேதி வந்தார். பணத்தை வைத்தார்.

"புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கு பாய். அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கிடுதேன்."

"அதுக்கென்ன, பணத்தை வச்சுக்கிடுங்க. ரசீதைப் பெறகு தாங்க."

"வேண்டாம் பாய். உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உங்ககிட்ட இருந்தா என்ன, எங்கிட்ட இருந்தா என்ன" என்று சிரித்துக்கொண்டு எடுத்துப் போனார்.

ரெண்டாம் மாசம் முதலாளி ஊரில் இல்லை என்றேன். மூன்றாம் மாசம் அவர் பணமாகக் கொண்டு வரவில்லை. உள்ளங்கை அகலத்தில் மூன்று சாக்குப் பை. ஒவ்வொன்றிலும் ஒரு மாச வாடகையை வைத்து, வாயைச் சணலால் தைத்திருந்தார். "கையில இருந்தா கை போயிருது மேனேஜர். அதான் தச்சுப் போட்டுட்டேன். நீங்க புத்தகம் வந்ததும் சொல்லுங்க, அறுத்துத் தாரேன்" என்றார். அன்றைக்கும் திருப்பி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் அவர் கடைக்குப் போனேன். சாக்குகளுக்கு நடுவில் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"மேனேஜர், உள்ளதைச் சொல்லுங்க. முதலாளிக்கு எம்மேல ஏதும் வருத்தமா?"

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. மணியார்டர். அந்த ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் என் மகள் உமாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பீஸுக்கு முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்டேன். "பிள்ளை படிக்கட்டும்" என்று மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார். அந்தப் பணம் அன்று காலையில்தான் காலேஜில் கட்டியாகியிருந்தது. வாத்தியாரும், வராத வேட்டியும், செண்பகம் அழுததும் கண்ணில் வந்து நின்றன.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய். நீங்க ஏன் மனசைப் போட்டுக் குழப்புதிய?" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி" என்று ஊசியை எடுத்துக்கொண்டார். நான் செய்தது பாவம்.

நாலாம் மாசம் நோட்டீஸ் போயிற்று. அதற்கப்புறம் அவர் ஒரு வக்கீலைப் பிடித்து மாசாமாசம் வாடகையைக் கோர்ட்டில் கட்டினார். ஆனால் அந்த நாலு மாசம் நாலு மாசம்தான். வழக்கு ஒன்றரை வருஷம் நடந்தது. முதலாளி பக்கத்துச் சாட்சியாக என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அவருடைய வக்கீல் கேட்டார், "மாசாமாசம் அஞ்சாம் தேதி என் கட்சிக்காரர் உங்ககிட்ட வாடகை கொண்டுவந்தாரா இல்லையா?"

"வரலை" என்றேன்.

எதிர்ப் பெஞ்சில் சாகுல் பாய் மஞ்சப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நான் ஏதோ வெளியூர் ஆள், யாரென்று ஞாபகம் வரவில்லை என்பதுபோலப் பார்த்தார். அவர் முறை வந்ததும் பையிலிருந்து நாலு சாக்குப் பையையும் எடுத்து வைத்தார். எங்கள் வக்கீல் சிரித்தார். "இதை நேத்துக்கூடத் தச்சிருக்கலாமே ஐயா" என்றார். ஜட்ஜ் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். "வாங்கமாட்டேன்னு சொன்னா நீங்க ஏன் மணியார்டர் அனுப்பல?"

"மேனேஜர் ரூம் எங்கடையில இருந்து நாலு கதவுதான் ஐயா" என்றார் சாகுல் பாய். "அவருக்கு எதுக்கு மணியார்டர்?"

கோர்ட்டில் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

ரெண்டு மாசத்தில் காலி பண்ண உத்தரவு ஆயிற்று. கடைசி நாள் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும், அது முறை. கொக்கி எத்தனை, பல்பு உண்டா, ஷட்டர் இறங்குகிறதா. உள்ளே தூசியைத் தவிர ஒன்றுமில்லை. என் கையில் ஏழாம் நம்பர் ரசீதுப் புத்தகம் இருந்தது. அன்று காலையில் முதலாளி பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். ஒரு அழுக்குக்கூடப் படாமல் அப்படியே இருந்தது.

பாக்கி நாலு மாச வாடகையையும் அன்றே தீர்க்கச் சொல்லி உத்தரவு. சாகுல் பாய் பிளேடை எடுத்து நாலு பையின் தையலையும் ஒவ்வொன்றாக அறுத்தார். நோட்டெல்லாம் சாக்கு வாசனை. ஏழாயிரத்து இருநூறு. எண்ணி வாங்கி ரசீது போட்டேன். அப்புறம் சாவியை நீட்டினார்.

"இதுக்கு ரசீது உண்டுமா மேனேஜர்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

உண்டு என்று எழுதிக் கொடுத்தேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி, முழுசாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தார்.

ஷோரூம்காரர்களிடம் முதலாளியே சொல்லி, எனக்குச் சாவிப் பணம் அரை மாசத்துக்குப் பதில் ஒரு மாசம் வாங்கிக் கொடுத்தார். உமா பீஸுக்கு வாங்கின அட்வான்ஸ் அதோடு கழிந்தது. அந்த ஏழாயிரத்து இருநூறுக்கும் என்னுடைய நூற்றுக்கு மூன்றைத் தனியாகக் கணக்குப் பார்த்து, "இதை விட்டுட்டியே" என்று கூப்பிட்டுக் கொடுத்தார். இருநூற்றுப் பதினாறு ரூபாய். நானும் வாங்கிக்கொண்டேன்.

சாகுல் பாய் பசுவந்தனை ரோட்டில் ஒரு மரத்தடியில் கொஞ்ச நாள் சாக்கு போட்டு விற்றார். மழை வந்தால் சாக்கு நனைந்துவிடும், எடுத்து வைக்க இடமில்லை. அப்புறம் எப்போதும்வென்றான் கிராமத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் மௌத்தான சேதி, அடக்கமெல்லாம் முடிந்து எட்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போயிருப்பேன்? உமா இப்போது வெளிநாட்டில் நர்சாக இருக்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

அன்றைக்குக் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டே வந்தவன், "அடுத்த மாசம் சேர்த்து" என்று சாகுல் பாயிடம் சொன்னதை எழுதியபோதே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். போனில் சின்னவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதே வளவு வீட்டில்தான் மாச வாடகை கொடுத்து இருக்கிறேன். ஆனாலும் முப்பத்தோரு வருஷப் பழக்கம், நான் அந்த வீட்டு ஆள் என்றுதான் என் நினைப்பு. வாடகைக்காரன் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"ஏட்டி செண்பகம், போன மாசம் ரெண்டு பேர் டேப் வச்சு முற்றத்தை அளந்தாவன்னு சொன்னியே, யாரு அவிய?"

"எனக்கென்ன தெரியும்? புது மேனேஜரா வரப்போறேன்னு ஒருத்தன் சொன்னான். மாடி வச்சுக் கட்டப் போறாவளாம்" என்றாள்.

சட்டமெல்லாம் இப்போது மாறிவிட்டதாம். ரெண்டு மாச பாக்கியே போதுமாம். மறுநாள் காலையில் சின்னவரைக் கூப்பிட்டு, "பதினோராயிரம் தம்பி" என்று மட்டும் சொன்னேன். "அவ்வளவுதானா அங்கிள்?" என்று ஆச்சரியப்பட்டார். வீடு இருந்ததுல்லா என்றேன்.

அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மணியார்டருக்குப் பதிலாகப் பேங்கில் ரெண்டு மாச வாடகைக்கும் டி.டி. எடுத்தேன். ஒரு கடிதம் எழுதிச் சேர்த்து, மெயின் போஸ்டாபீசில் ஸ்பீடு போஸ்டில் சின்னவர் விலாசத்துக்கு அனுப்பினேன். எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை ரசீதைக் கிழித்து நீட்டியது. வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முழுசாக வாசித்தேன். வெளியே வந்து படியில் நின்று மணி பார்த்தேன். உள்ளே போய்வரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.